'வில்லன்' என்றொரு பண்ணையாள்: ஒரு சொல்லின் வம்சாவளி

1

தமிழுக்குள் வந்த ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை வந்த கோலத்திலேயே நின்றுவிட்டன. பஸ் பஸ்ஸாகவே இருக்கிறது, டிக்கெட் டிக்கெட்டாகவே இருக்கிறது. 'வில்லன்' மட்டும் அப்படி ஒதுங்கி நிற்கவில்லை. கடைசியிலிருந்த 'ன்' நம் காதுக்கு ஆண்பால் விகுதியாகக் கேட்டிருக்க வேண்டும். உடனே 'வில்லி' என்று ஒரு பெண்பாலை உண்டாக்கிக்கொண்டோம். 'வில்லத்தனம்' என்று ஒரு பண்புப்பெயரையும் உண்டாக்கினோம். 'வில்லை உடையவன் வில்லன்' என்று யாராவது புலவர் பகுபத உறுப்பிலக்கணம் சொல்லிவிட்டுப் போனால்கூட ஆட்சேபணை எழாது. அந்த அளவுக்கு அது நம்மூர்ச் சொல்லாகிவிட்டது.

இத்தனை சுலபமாக ஒட்டிக்கொண்ட சொல்லை யாரும் சந்தேகப்படுவதில்லை. வில்லன் என்றால் கெட்டவன், கதாநாயகனுக்கு எதிராளி, கடைசி ரீலில் அடிவாங்குகிறவன். அவ்வளவுதானே? ஆனால் இந்தச் சொல் பிறந்த இடத்தில் இதற்குக் 'கெட்டவன்' என்ற பொருள் கிடையாது. அங்கே இதற்கு அர்த்தம் பண்ணையாள். வயலில் இறங்கி உழுதவன், அறுத்தவன், ஆண்டையின் மாட்டை ஓட்டியவன், தன் மகளுக்குக் கல்யாணம் பண்ணக்கூட ஆண்டையிடம் பணம் கட்டி அனுமதி வாங்கியவன். பண்ணையாள் எப்படிக் கெட்டவன் ஆனான்? இது ஏதோ சொற்பிறப்பியல்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி போலத் தெரியலாம். கொஞ்சம் தோண்டினால் அதற்கடியில் ஐரோப்பிய நிலவுடைமையின் எண்ணூறு வருஷ வரலாறு புதைந்து கிடக்கிறது. நம்முடைய ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் அதற்குப் பக்கத்திலேயே கிடக்கிறது.

2

இலத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை. ரோமாபுரிச் சீமான்களுக்கு நகரத்தில் ஒரு வீடு, நாட்டுப்புறத்தில் நிலமும் களஞ்சியமும் ஆளும் அடிமையும் கொண்ட ஒரு பண்ணை. பிற்கால இலத்தீனில் அந்தப் பண்ணையைச் சேர்ந்த குடியானவனை 'வில்லானுஸ்' என்றார்கள். பழைய பிரெஞ்சில் அது 'வீலேன்' ஆனது. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்களோடு இந்தச் சொல்லும் கால்வாயைக் கடந்தது. 'வில்லேஜ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். இன்று சென்னைக்கு வெளியே, மதில் கட்டி, வாசலில் காவல் போட்டு விற்கிறார்களே 'வில்லா', அதுவும் இதே குடும்பம். வில்லாவைச் சொந்தமாக்கிக்கொண்டவன் கனவான் ஆனான். வில்லாவில் உழைத்தவன் வில்லன் ஆனான். ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்களில் ஒன்று மாளிகைக்கும் இன்னொன்று வசவுக்கும் போனது எப்படி என்பதற்கு மொழியியல் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது.

வெற்றிபெற்ற வில்லியம் அரசன் 1086இல் தன் ராஜ்ஜியத்தைக் கணக்கெடுத்தான். யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆள், எத்தனை மாவாலை என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிய அந்தப் பதிவேட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'டூம்ஸ்டே புத்தகம்'. இறுதித் தீர்ப்பு நாளில் எழுதப்படுவதுபோல, எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது என்று அர்த்தம். அதில் பதிவான சுமார் 2,69,000 பேரில் ஏறத்தாழ 1,09,000 பேர் 'வில்லானி' என்று குறிக்கப்பட்டிருக்கிறார்கள். இவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள். அதாவது அன்றைய இங்கிலாந்தில் ஐந்து குடும்பத்துக்கு இரண்டு வில்லன் குடும்பம்! அடிமைகள் என்று தனியாக இன்னொரு 28,000 பேர் பதிவாகியிருக்கிறார்கள். அடிமை வேறு, வில்லன் வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். 1086இல் 'வில்லானுஸ்' என்றால் ஊர்க் குடியானவன், அவ்வளவுதான். கொஞ்சம் நிலமும் ஏர்மாட்டில் பங்கும் அவனுக்கு இருந்தன. அவன் மேல் களங்கம் எதுவும் இல்லை.

களங்கம் வந்தது சட்டத்தின் வழியாக. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் ஹென்றி அரசனின் காலத்தில் நீதித்துறைச் சீர்திருத்தங்கள் நடந்தன. நிலத்தை ஒருவன் அநியாயமாகப் பிடுங்கிக்கொண்டால் அரசனின் நீதிமன்றத்துக்கே போய் முறையிடலாம் என்று வந்தது. ஆங்கிலச் சட்ட வரலாற்றாசிரியர்கள் பெருமையோடு சொல்லும் அத்தியாயம் இது. ஆனால் அந்த வாசல் சுதந்திரக் குடிகளுக்குத்தான் திறந்தது. ஆண்டைக்கு ஊழியம் செய்து நிலம் வைத்திருக்கிறவன் உள்ளே வர முடியாது. அவன் வழக்கை ஆண்டையின் பண்ணை மன்றமே விசாரிக்கும். குற்றம் சாட்டப்பட்டவனே நீதிபதி! அப்படியானால் யார் சுதந்திரன், யார் இல்லை என்று நீதிமன்றம் கோடு கிழித்தாக வேண்டும். கிழித்தார்கள். அதுவரை பலவிதமான கடமைகளோடு, கூடவும் குறையவுமாக வாழ்ந்த குடியானவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கப்பட்டார்கள். சுதந்திரத்தை வரையறுக்கப்போன சட்டம்தான் சுதந்திரமில்லாதவனையும் வரையறுத்தது. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. 1215இன் மகா சாசனம் சுதந்திர மனிதனைச் சட்டப்படியன்றிச் சிறைபிடிக்கக் கூடாது என்று முழங்குகிறபோது, அந்த முழக்கம் நாட்டின் மிகப் பெரிய பகுதியினரான வில்லன்களைத் தாண்டித்தான் போகிறது.

3

ஒருவன் வில்லனா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரில் வழங்கும் சட்ட நூல் ஓர் அடையாளத்தைத் தருகிறது. நாளைக் காலையில் என்ன வேலை செய்யப்போகிறோம் என்பது இன்று இரவில் தெரியாதவன் எவனோ, அவன். ஆண்டை உழச் சொன்னால் உழவு. எரு அள்ளச் சொன்னால் எரு. இது தவிர ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு கட்டணம். குடும்பத் தலைவன் செத்துப்போனால் தொழுவத்திலிருந்த மாடுகளில் உசத்தியானது ஆண்டைக்கு. பண்ணையை விட்டு வெளியூர் போய்ப் பிழைத்தால் அதற்கு வருஷாவருஷம் ஒரு தொகை. மாவு அரைக்க வேண்டுமென்றால் ஆண்டையின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், கூலி கொடுத்து. பண்ணையாள்களின் வரலாறு தெரிந்த தஞ்சாவூர்க்காரருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாக இருக்காது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் அச்சாணியும் அதுதான். ஆங்கிலச் சட்டத்தின்படி வில்லன் தன் ஆண்டைக்கு எதிரே மட்டும்தான் வில்லன். மற்ற எல்லோருக்கும் எதிரே அவன் ஏறக்குறையச் சுதந்திரன். வேறொருவன் அவனை அடித்தால் அவன் மேல் வழக்குப் போடலாம். வேறொருவன் பொருளைத் திருடினால் திரும்பக் கேட்கலாம். ஆக 'வில்லன்' என்பது ஒரு ஆளின் இயல்பைச் சொன்ன சொல்லாக இருக்கவில்லை. இரண்டு ஆட்களுக்கு இடையில் நிலத்தின் பேரால் உண்டான ஓர் உறவைச் சொன்ன சொல் அது. 'மருமகன்' என்று சொன்னால் 'யாருக்கு?' என்று கேட்கிறோம் இல்லையா, அதுபோல 'வில்லன்' என்றால் 'எந்த ஆண்டைக்கு?' என்று கேட்கலாம், கேட்டார்கள். ஆண்டை இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

இந்த உறவுக்கு எதிராகத்தான் 1381இல் கலகம் வெடித்தது. 1348-49இல் வந்த கொள்ளைநோயில் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செத்துப்போனது. ஆள் பஞ்சம். கூலி ஏறியது. ஏறிய கூலியைப் பழைய மட்டத்துக்கு இறக்க 1351இல் சட்டம் போட்டார்கள். அதற்கு மேல் பிரான்சோடு நடந்த யுத்தச் செலவுக்குத் தலைவரி. 1377இல் தலைக்கு 4 பென்ஸ். கலகத்துக்குக் காரணமான மூன்றாவது வரியில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 பென்ஸ். எசெக்ஸிலும் கென்ட்டிலும் எழுந்த ஜனங்கள் ஜூன் 13இல் லண்டனுக்குள் நுழைந்தார்கள். பதினான்கு வயது அரசன் இரண்டாம் ரிச்சர்டு மறுநாள் மைல் எண்ட் என்ற இடத்தில் அவர்களைச் சந்தித்தான். அவர்கள் கேட்டவற்றில் முதலாவது, இனி எவனும் எவனுக்கும் பண்ணையடிமையாக இருக்கக்கூடாது என்பது. அரசன் ஒப்புக்கொண்டு சாசனங்கள் எழுதிக் கொடுத்தான். அதற்கடுத்த நாள் ஸ்மித்ஃபீல்டில் வாட் டைலர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூலை 2இல் சாசனங்கள் ரத்தாகின. ஜூலை 15இல், ஆதாமும் ஏவாளும் இருந்த காலத்தில் சீமான் என்று எவன் இருந்தான் என்று கேட்டுப் பிரசங்கம் செய்த ஜான் பால் பாதிரியார் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் அரசன் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டு நாலாக வெட்டப்பட்டார்.

கலகக்காரர்கள் எதை எரித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பல பண்ணைகளில் அவர்கள் தேடிப் பிடித்துக் கொளுத்தியது பண்ணை மன்றத்துச் சுருள் ஏடுகளை. யார் வில்லன், யார் என்ன கட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது அதில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தை எரித்தார்கள் என்று நாகரிகம் பேசுகிறவர்கள் சொல்லலாம். எழுத்து தங்களை என்ன செய்கிறது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் இன்னொரு காட்சி. ஜனங்கள் வீட்டிலேயே மாவு அரைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்னொரு காலத்தில் அந்த மடத்து மடாதிபதி அவர்களுடைய திரிகைக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்துக் கூடத்தில் தளமாகப் பதித்து வைத்திருந்தார். தினமும் அதன்மேல் நடக்கலாம் இல்லையா? 1381இல் உள்ளே புகுந்தவர்கள் அந்தக் கற்களைப் பெயர்த்து உடைத்து, தேவாலயத்தில் அப்பம் பகிர்வதுபோல ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இந்தச் செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் அதே மடத்துத் துறவி, கலகக்காரர்களை அருவருத்தவர். அவர் அருவருப்பின் இடுக்கு வழியாகத்தான் நாம் அவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வில்லன் தன்னைப் பற்றித் தானே எழுதிய வரலாறு என்று எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

கலகம் தோற்றது. ஆனாலும் ஆள் பஞ்சம் தீரவில்லை. ஊரைவிட்டு ஓடுகிறவர்களைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஊழியம் மெல்லப் பணக் குத்தகையாக மாறியது. 1574இல் எலிசபெத் அரசி தன் நிலங்களில் மிச்சமிருந்த பண்ணையடிமைகளைக் காசு வாங்கிக்கொண்டு விடுவிக்க உத்தரவிட்டார். 1618இல் ஒரு வழக்கு. அதன்பிறகு நீதிமன்றத்தில் வில்லன் நிலை பற்றிய பேச்சே அனேகமாக இல்லை. 1772இல் ஜேம்ஸ் சோமர்செட் என்ற ஆப்பிரிக்க அடிமையின் வழக்கு லண்டனில் வந்தபோது அவருக்காக வாதாடிய ஃபிரான்சிஸ் ஹார்க்ரேவ் இதைத்தான் எடுத்துக்கொண்டார்: இந்த நாட்டுச் சட்டம் அறிந்த அடிமைத்தனம் வில்லன் நிலை ஒன்றே, அது செத்துப்போயிற்று, புதிதாக ஒன்றை உள்ளே கொண்டுவர முடியாது. செத்துப்போன வில்லன் ஓர் அடிமையின் விடுதலைக்குச் சாட்சி சொல்ல வந்தான்.

4

நிலை செத்தது, சொல் சாகவில்லை. அது வேறு வேலைக்குப் போய்விட்டது.

14ஆம் நூற்றாண்டிலிருந்தே 'தாழ்ந்த பிறப்பினன்' என்ற பொருளோடு 'தாழ்ந்த குணத்தினன்' என்ற பொருளும் ஒட்டத் தொடங்கியது. 'மலிவானது, இழிவானது' என்று அர்த்தப்படும் 'விலிஸ்' என்ற இன்னொரு இலத்தீன் சொல் ஒலியில் பக்கத்தில் இருந்ததும் இதற்கு வசதியாகப் போயிற்று. கடைசியில் எழுத்துக்கூட்டலையும் பிரித்துவிட்டார்கள். ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் வரலாற்றுப் புத்தகத்துப் பண்ணையாள். இன்னோர் எழுத்தைப் போட்டால் அயோக்கியன். பாகப்பிரிவினை முடிந்தபிறகு இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று ஞாபகம் வராது.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்தா? ஆங்கிலத்தில் 'சர்ல்' என்றால் முரடன். பழைய ஆங்கிலத்தில் சாதாரண சுதந்திரக் குடியானவன். 'நேவ்' என்றால் அயோக்கியன். முன்பு பையன், பிறகு வேலைக்காரப் பையன். 'பூர்' என்றால் நாகரிகமற்றவன். டச்சு மொழியில் விவசாயி. 'வல்கர்' என்றால் ஆபாசம். இலத்தீனில் பொது ஜனம். மறுபக்கம், 'நோபிள்', 'ஜென்டில்', 'ஜெனரஸ்' எல்லாம் உயர்ந்த குலத்தில் பிறந்தவனைக் குறித்த சொற்கள். இன்று பெருந்தன்மை, மென்மை, தாராளம். பிரெஞ்சுக்காரனுக்கு 'வீலேன்' இன்று அசிங்கம், போக்கிரித்தனம். இத்தாலியனுக்கு 'வில்லானோ' பண்பற்றவன். ஆக, வயலில் இருந்தவர்களின் பெயர்களெல்லாம் கெட்ட குணங்களாகவும், மாளிகையில் இருந்தவர்களின் பெயர்களெல்லாம் நல்ல குணங்களாகவும் மாறியிருக்கின்றன. ஆங்கில இலக்கிய விமர்சகர் சி.எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில் இதை அந்தஸ்துச் சொற்கள் அறச்சொற்கள் ஆகும் நிகழ்வு என்று வகைப்படுத்தினார். அவருக்கு முன்பே 1887இல் நீட்சே, ஜெர்மன் மொழியில் 'கெட்டது' என்ற சொல் 'எளியது, சாதாரணமானது' என்ற சொல்லிலிருந்து வந்ததைக் காட்டி, 'நல்லது' என்பதே மேலோர் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட பெயர் என்று சொல்லியிருந்தார். நீட்சே சொன்னது சரி. அவர் நின்று பார்த்த இடம் மாளிகையின் மாடி. பெயரிடும் துணிச்சல் மேலோரின் வீரம் என்று அவர் வியந்தார். கீழே நின்று பார்த்தால் அது வீரமாகத் தெரியாது, ஆக்கிரமிப்பாகத் தெரியும்.

1929இல் சோவியத் மொழியியல் சிந்தனையாளர் வொலோஷினோவ், குறி என்பதே வர்க்கப் போராட்டத்தின் களம் என்றார். ஆளும் வர்க்கம் ஒரு குறிக்கு ஒரே உச்சரிப்பு, ஒரே மதிப்புத்தான் உண்டு என்று நிலைநாட்டப் பார்க்கும். உள்ளுக்குள் பல குரல்கள் மோதிக்கொண்டிருக்கும். 'வில்லன்' விஷயத்தில் இந்த மோதலை இலக்கியப் பிரதிகளில் பார்க்க முடிகிறது. சாசரின் 'கேன்டர்பரி கதைகள்' 1381 கலகத்துக்குப் பிந்திய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதில் பாத் ஊர்ப் பெண் சொல்லும் கதையில், ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்த பிரபுவிடம் ஒரு கிழவி வாதாடுகிறாள். கண்ணியம் பரம்பரையாக வருவதில்லை, செய்கையால் வருவது என்பது அவள் கட்சி. அருமையான வாதம். ஆனால் கெட்ட செய்கை செய்கிற பிரபுவை அவள் என்னவென்று சொல்கிறாள்? அவனும் வில்லன்தான், அவனும் பட்டிக்காட்டுக் குடியானவன்தான் என்கிறாள். பிரபுவைத் திட்டுவதற்குக்கூடக் குடியானவன் பெயரைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது! எதிர்ப்பே ஆண்டையின் அகராதியைக் கடன் வாங்கித்தான் பேசுகிறது. மேலாண்மை என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஷேக்ஸ்பியரிடம் இரண்டு பொருளும் ஒரே மேடையில் இடித்துக்கொள்கின்றன. 'ஆஸ் யூ லைக் இட்' முதல் காட்சியில் அண்ணன் தம்பியை 'வில்லன்' என்று வைகிறான். அயோக்கியன் என்று அவன் சொல்ல, தம்பி மற்ற அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு, நான் வில்லன் இல்லை, இன்ன பிரபுவின் கடைசி மகன் என்று பதில் சொல்கிறான். தம்பிக்கு ஆத்திரம் தன் ஒழுக்கத்தைக் குறை சொன்னதில் அல்ல, தன் பிறப்பைக் குறை சொன்னதில். 1623இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஒரே தொகுதியாக அச்சிட்டபோது 'ஒதெல்லோ'வின் பாத்திரப் பட்டியலில் இயாகோவின் பெயருக்கு நேரே 'ஒரு வில்லன்' என்று போட்டார்கள். தளபதி, சீமான் என்று மற்றவர்களுக்குப் பதவியும் அந்தஸ்தும் போடுகிற பட்டியலில், இவனுக்கு அதுவே உத்தியோகம்! நீதிமன்றத்தில் பேசப்பட்ட கடைசி வில்லனுக்கும் நாடகப் பட்டியலில் அச்சான இந்த வில்லனுக்கும் இடையில் ஐந்தே வருஷம். பண்ணையாள் காலிசெய்த இடத்தில் பாத்திரம் குடியேறிவிட்டது.

இந்த மாற்றத்தில் காணாமல் போனது ஆண்டை. 'எந்த ஆண்டைக்கு வில்லன்?' என்று இனி கேட்க முடியாது. இரண்டு பேருக்கு நடுவில் இருந்தது ஒருவனுடைய மனசுக்குள் போய்விட்டது. உறவு குணமானது. உறவை மாற்றலாம், அதற்காகக் கலகம் செய்யலாம். குணத்தை என்ன செய்வது? தண்டிக்கத்தான் முடியும்.

5

19ஆம் நூற்றாண்டில் கதை திரும்புகிறது. 1802இல் தாமஸ் ஹால்கிராஃப்ட் ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தழுவி லண்டனில் போட்டதிலிருந்து 'மெலோடிராமா' என்ற வகை ஆங்கில மேடையைப் பிடித்துக்கொண்டது. வாத்தியம் முழங்க வில்லன் நுழைவான். நிராதரவான பெண் நடுங்குவாள். கடைசியில் அறம் வெல்லும். ஆலைத் தொழிலாளிகளும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் மலிவு டிக்கெட்டில் பார்த்த நாடகங்கள் இவை. அந்த மேடையில் வில்லன் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நிலச்சுவான்தார், அல்லது அவருடைய காரியஸ்தர்! ஆண்டை பண்ணையாளுக்கு வைத்த பெயரைப் பண்ணையாளின் பேரப்பிள்ளைகள் ஆண்டைக்கே திருப்பிச் சூட்டிவிட்டார்கள். ஜனங்களுக்குச் சொல்லின் பூர்வீகம் தெரியாது. தெரியாமலே பழி தீர்த்துக்கொண்டார்கள்.

இதை ஒரு வெற்றி என்று கொண்டாடலாமா? டக்ளஸ் ஜெரால்டின் 'வாடகை நாள்' 1832இல் மேடையேறியது. குத்தகை கட்ட முடியாத ஒரு விவசாயியின் குடும்பம் ஜப்திக்கு ஆளாகிறது. நிலத்துக்குச் சொந்தக்காரப் பிரபு லண்டனில் சூதாடிக்கொண்டிருக்கிறார். ஆனால் நாடகத்தின் வில்லன் பிரபு இல்லை, காரியஸ்தன். பிரபு மாறுவேஷத்தில் வந்து நடப்பதையெல்லாம் பார்த்து, கடைசியில் நீதி வழங்கிவிடுகிறார். காரியஸ்தன் ஒழிந்தான், குத்தகை ஒழியவில்லை. ஜனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வாடகை நாள்.

இந்த மெலோடிராமா இந்தியாவுக்குப் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாகவும், ஆங்கிலம் படித்தவர்களின் அமெச்சூர் சபாக்கள் வழியாகவும் வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுணவிலாச சபையில் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். கம்பெனி நாடகங்களில் அதற்கு முன்பே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் இவற்றோடு 'கள்ளபார்ட்' என்று ஒன்று இருந்தது. பேசும்படம் வந்து நிலைபெற்றபிறகு 'வில்லன்' அந்த இடத்துக்கு வந்தான். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பும் எம்.என். நம்பியாரின் உள்ளங்கைப் பிசைவும் அந்தச் சொல்லுக்குத் தமிழ் முகம் கொடுத்தன. நமது சினிமாவிலும் ஜமீன்தார், மிராசுதார், பண்ணையார் என்று வில்லன்கள் வரிசையாக வந்தார்கள். பண்ணையாளைக் குறித்த சொல் தமிழ்நாட்டில் பண்ணையாரைக் குறித்தது. 'ள்' போய் 'ர்' வந்த இந்தத் தூரத்தைக் கடக்க அந்தச் சொல்லுக்கு எண்ணூறு வருஷமும் ஏழாயிரம் மைலும் ஆகியிருக்கின்றன.

ஆனால் 1965இல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யைப் பாருங்கள். சவுக்கைப் பிடுங்கிக் கதாநாயகன் வில்லனை விளாசும் காட்சி தமிழர்கள் கூட்டாகக் கண்ட கனவுகளில் ஒன்று. கொட்டகையில் விசிலடித்தவர்களில் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகக் கிடைத்த பரம்பரையின் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசத் தயாரில்லை. ஆனால் சவுக்கு யார் கையில் இருந்தது? ஜமீன் வாரிசின் கையில் இல்லை; வாரிசு பயந்த சுபாவமுள்ள நல்ல பிள்ளை. சவுக்கு, ஜமீனை நிர்வகிக்கும் மைத்துனர் கையில். மறுபடியும் காரியஸ்தன்! வில்லன் அடிவாங்கினான், ஜமீன் நல்ல கைக்கு வந்தது. 1832இன் லண்டன் மேடையில் நடந்ததுதான் இங்கும் நடந்தது. கெட்ட பண்ணையார் போய் நல்ல பண்ணையார் வந்தால் போதும் என்று நம் மெலோடிராமா பலமுறை சொல்லிவிட்டது. வில்லன் குணமாகிவிட்ட காலத்தில் அதனால் வேறெதுவும் சொல்ல முடியாது. அந்தப் பெயரைப் பண்ணையாளிடமிருந்து பிடுங்கிப் பண்ணையாரிடம் கொடுத்தால், பழி இடம் மாறுகிறது. பண்ணை அப்படியே கிடக்கிறது.

6

சரி, சினிமாவில் பண்ணையார்தான் வில்லன். சினிமாவுக்கு வெளியே?

காலனிய ஆங்கிலேயர்களின் சட்டம் 1871இல் சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றப் பரம்பரை என்று அறிவிக்க வழிசெய்தது; 1911இன் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தன் ஊரில் வில்லன் நிலை எப்போதோ செத்துவிட்டதாக மார்தட்டிய நாட்டின் சட்டம், இங்கே பிறப்பை மறுபடியும் குணமாக எழுதியது. நம்மிடமும் இதற்குப் பஞ்சமில்லை. 'சண்டாளன்' என்று வைகிறவர் ஒரு சாதியின் பெயரைச் சொல்லித்தான் வைகிறார். 'பறையர்' என்ற நம் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டுபோய் 'ஒதுக்கப்பட்டவன்' என்று அகராதியில் போட்டு, இன்றுவரை பத்திரிகைகளில் கூசாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. அவர்கள் நமக்கு வில்லனைக் கொடுத்தார்கள். நாம் அவர்களுக்கு இதைக் கொடுத்தோம். கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் நஷ்டப்பட்டவன் வயலில் நின்றவன்தான்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளுக்கு ஆண்டையோடுள்ள உறவைச் சட்டம் பெயர் சொல்லிப் பேசிய அரிதான தருணம் அது. பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், அதே தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அப்போது அது சொன்ன காரணங்களில் ஒன்று: குற்றம் சாட்டப்பட்ட எல்லோருமே மிராசுதார்களாக இருப்பது வியப்புக்குரியது, பெரும் நிலம் உள்ளவர்கள், அதில் ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இந்தக் காரியத்தைச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

'எங்க வீட்டுப் பிள்ளை' வந்து மூன்றே வருஷத்தில் நடந்தது வெண்மணி. கொட்டகையில் பண்ணையாரை வில்லனாகப் பார்க்கப் பழகியிருந்த சமூகத்தின் நீதிமன்றம், காரும் நிலமும் உள்ளவர்களை வில்லனாகப் பார்க்க முடியாமல் திணறியது. இதை நீதிபதிகளின் தனிப்பட்ட கோளாறு என்று சொல்லிவிட்டால் நாமும் மெலோடிராமாதான் எழுதுகிறோம். நிலம் உள்ளவன் கண்ணியமானவன், நிலம் இல்லாதவன் எதற்கும் துணிந்தவன் என்று சொற்களுக்குள் படிந்து கிடக்கும் வண்டல் அந்தத் தீர்ப்பின் பேனாவில் இறங்கியிருக்கிறது. 'நோபிள்', 'ஜென்டில்', 'வில்லன்' என்ற சொற்களின் வரலாறு ஏதோ ஐரோப்பாவின் பழங்கதை என்று இனி ஒதுக்க முடியாது. அந்த வரலாற்றின் ஒரு வரி நம் உயர் நீதிமன்றத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 'வில்லன்' என்று இனிமேல் யாரும் சொல்லக்கூடாது என்பதும் என் கட்சி இல்லை. நான் கேட்பதெல்லாம், அந்தச் சொல் தொலைத்துவிட்ட பழைய கேள்வியைத் திரும்ப அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பதுதான். ஒருவனைக் காட்டி 'இவன் வில்லன்' என்று சினிமாவோ போலீஸோ பத்திரிகையோ சொல்லும்போது, 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நீதிமன்றம் கேட்டதையே நாமும் கேட்கலாம்: யாருக்கு எதிரே? எந்த நிலத்தில்? ஆண்டை எங்கே?